பழைய வாட்ச்சின் டயல்: போட்டோவில் எதைப் பார்ப்பது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமனாருக்கு ஐப்பசியில் சதாபிஷேகம். வேலையில் சேர்ந்த புதிதில் அவர் ஒரு ஃபேவர் லூபா சீ சீஃப் வாங்கினாராம். ரயிலில் தொலைந்துபோன அந்த வாட்ச் இன்றும் பேச்சில் வரும். அதே மாடல் ஒன்று ஆன்லைனில் வந்திருக்கிறது. விற்பவர் வெளியூர்க்காரர். 6,500 ரூபாய், 'ஒரிஜினல் டயல், மின்ட் கண்டிஷன்' என்கிறார். அவர் அனுப்பிய ஆறு போட்டோக்களை இணைத்திருக்கிறேன். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. வாங்கலாமா?"

இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள் அம்மா. அந்த டயல் சுரண்டி, பெயின்ட் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சிட்டது என்றே எனக்குப் படுகிறது. எங்கள் தொழிலில் இதை ரீடயல் என்போம். எப்படித் தெரிந்தது என்று விவரமாகச் சொல்கிறேன், அடுத்து பார்க்கப்போகும் வாட்ச்சுக்கும் உதவும்.

பழைய வாட்ச்சில் மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. மெஷினில் எண்ணெய் காய்ந்திருந்தால் கழற்றிக் கழுவிப் பூட்டலாம். அந்தக் காலத்துக் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் புதிது போட்டுக்கொள்ளலாம். டயல் போனால் போனதுதான். நான் தொழில் பழகிய புதிதில் ஒருவர் கொண்டுவந்த வாட்ச்சில் டயலின் ஓரத்தில் லேசான தூசி இருந்தது. பஞ்சை ஈரமாக்கி ஒரே ஒரு தடவை துடைத்தேன். பஞ்சை எடுத்துப் பார்த்தால் அதில் கறுப்பாக ஒரு கோடு. டயலில் 'ஸ்விஸ் மேட்' என்ற எழுத்தில் பாதி இல்லை. அந்த மெல்லிய மைக்கு மேல் இருந்த வார்னிஷ் எப்போதோ செத்துவிட்டது, அதை நான் பார்க்கவில்லை. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த வாட்ச்சை எடுத்தாலும் முதலில் டயலைத்தான் பார்க்கிறேன்.

சரி, உங்கள் போட்டோக்களுக்கு வருவோம்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி ஆறு மணிப் பக்கம் பாருங்கள். அந்தச் சின்ன 'ஸ்விஸ் மேட்' ஒரு நேர்க்கோட்டில் நிற்கிறது. கம்பெனி டயல்களில் அது பொதுவாக ஓரத்தை ஒட்டி, வட்டத்தோடு வளைந்து, ஆறு மணிக் கோட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து இருக்கும். எழுத்துகள் ஊசி முனையால் எழுதியதுபோல மெலிதாகத் தெரியும். உங்கள் படத்தில் இருக்கும் எழுத்துகள் தடித்து, எஸ்ஸின் வளைவுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. தொழிற்சாலையில் செதுக்கிய தகட்டிலிருந்து மெத்தென்ற திண்டால் மையை ஒற்றி எடுத்து டயலில் பதிப்பார்கள். அதனால் எழுத்து சற்று மேடாக, விளிம்பு கூராக நிற்கும். லென்ஸில் பார்த்தால் மையின் கனமே தெரியும். ரீடயல் எழுத்து பெரும்பாலும் தட்டையாக, விளிம்பு கசிந்ததுபோல இருக்கும்.

அடுத்து நான்கு மணிக் கோடு. இது தகடாகச் செய்து பதித்தது. கம்பெனியில் டயலுக்கு வண்ணம் பூசிய பிறகுதான் இதைத் துளையில் இறக்கிப் பின்பக்கம் இறுக்குவார்கள். ஆகவே தகடு தொடங்கும் இடம் கத்தியால் வெட்டியதுபோல இருக்க வேண்டும். உங்கள் படத்திலோ அதன் அடியைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறது. தகடுகளைக் கழற்றாமலே பெயின்ட் அடித்துவிட்டு மேலே படிந்ததைச் சுரண்டினால் இப்படித்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு, அந்தத் தகட்டின் நுனியும் நிமிடக் கோடும் நேருக்கு நேர் வரவில்லை.

வெள்ளி நிற டயலிலும் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த மாதிரி டயல்களில் பலவற்றில் நடுவிலிருந்து விளிம்பு வரை மயிரிழைக் கோடுகள் ஓடும். வாட்ச்சைச் சாய்த்தால் வெளிச்சம் விசிறிபோல விரிந்து சுற்றும். உங்கள் மூன்று படங்களில் மூன்று கோணம், மூன்றிலும் டயல் ஒரே மாதிரி புதுக் கார் பெயின்ட்போலப் பளபளக்கிறது. இது மட்டும் என்றால் ஃபிளாஷ் என்று விட்டிருப்பேன். மற்ற இரண்டோடு சேரும்போது விட முடியவில்லை.

இருட்டில் ஒளிரும் பூச்சை நம் ஊரில் எல்லாரும் ரேடியம் என்றே சொல்கிறோம். 1960கள் வரை பல வாட்ச்சுகளில் அது நிஜமாகவே ரேடியம்தான். பிறகு டிரிட்டியம் வந்தது. இரண்டுமே கதிர்வீச்சு உள்ளவை. அதைப் போட்ட டயல்களில் பெரும்பாலும் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து அச்சிட்டிருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 12 ஆண்டு சொச்சம், ஆகவே 1970ல் பூசியது இன்று தானாக ஒளிராது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, அதோடு கலந்த ஒளிரும் பொடிதான் எப்போதோ தேய்ந்துவிட்டது. இதில் நமக்கு நல்ல சோதனை ஒன்று கிடைக்கிறது. டார்ச் வெளிச்சம் காட்டிவிட்டு, உடனே இருட்டறையில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பூச்சு ஒளிர்ந்தாலும் சில நொடியில் மங்கிவிடும். நிமிடக்கணக்கில் பச்சையாக எரிந்தால் அது சமீபத்தில் வைத்தது. உங்கள் படத்தில் முள்ளில் உள்ள பூச்சு பழுப்பு, டயல் புள்ளிகள் பால் வெள்ளை. ஒன்றாக வயசான இரண்டும் ஒரே நிறத்துக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டாமா? அந்தப் பூச்சை வீட்டில் யாரும் கிளறிப் பார்க்க வேண்டாம். ரேடியமாக இருந்தால் அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

கறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கறை இல்லாத டயலைத் தேடித்தான் பலரும் ரீடயலில் போய் விழுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே இருக்கிறது. ஈரம் முக்கியமாகச் சாவித் தண்டு வழியாகவும் கண்ணாடி விளிம்பு வழியாகவும் நுழையும். அதனால் மூன்று மணிப் பக்கமும் ஓரங்களிலும் மஞ்சள் படர்வது இயல்பு. அது பரவாயில்லை. வார்னிஷில் சிலந்தி வலைபோல வெடிப்பு விழுந்து அது கொப்பளித்திருந்தாலோ, பித்தளை பச்சை பூத்திருந்தாலோ வேண்டாம். அது நிற்காமல் வளரும், செதில் உதிர்ந்து மெஷினுக்குள்ளும் போகும். ஓரத்தில் மட்டும் மங்கி, எழுத்து முழுசாக இருக்கும் டயலை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

இனி எந்த விற்பவரானாலும் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படம் கேளுங்கள். வாட்ச் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் இருக்கட்டும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் டயலின் மஞ்சளையும் நம்ப வேண்டாம். போனை வாட்ச்சுக்கு மேல் ஒட்டிப் பிடித்தால் வட்டம் கோணும், ஓர் அடி தள்ளி ஜூம் செய்யட்டும். எல்லாவற்றையும்விட, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து எடுத்த 20 நொடி வீடியோ எனக்குப் பத்துப் படத்துக்குச் சமம். சாய்க்கும்போது இடம் மாறுவதுபோலத் தெரியும் கீறல் கண்ணாடியில் இருப்பது. எழுத்தோடு சேர்ந்தே நகர்வது டயலில் இருப்பது. வார்னிஷ் வெடிப்பும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் பிடிபடும். பின்மூடியைத் திறந்து மெஷினையும் ஒரு படம் கேளுங்கள்.

ரீடயல் வாட்ச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. 80 வயதுக் கண்ணுக்குத் தெளிவான டயல் வசதிதான். 'ரீடயல்' என்று சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டிருந்தால், மெஷின் நன்றாக இருக்கும்பட்சத்தில் வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஒரிஜினல் என்று சொல்லி ஒரிஜினல் விலை கேட்பதுதான் பிரச்சினை. இந்த நான்கு விஷயத்தையும் அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். தெரியாமல் விற்பவர் என்றால் விலையைக் குறைப்பார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மாமனாரின் கல்யாண ஆல்பம் இருக்குமே, அதில் மணிக்கட்டு தெரியும் படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். சீ சீஃப்பில் பல விதமான டயல்கள் வந்திருக்கின்றன. அவர் கட்டியிருந்தது வெளிர் டயலா, கறுப்பா, கோடு போட்டதா, எண் போட்டதா என்று அந்தப் படத்தில் தெரிந்துவிட்டால், தேட வேண்டியது எது என்பதும் தெரிந்துவிடும். வாட்ச் கிடைத்தபின் சர்வீசுக்கு எப்படியும் சில வாரம் ஆகும், அதனால் ஆவணிக்குள் வாங்கிவிடப் பாருங்கள்.