80 எலுமிச்சையில 15 குட்டையா நிக்குது, டானிக் அடிக்கவா, புடுங்கவா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். நெல்லு போட்டுட்டு இருந்த அரை ஏக்கர்ல 80 எலுமிச்சை வச்சு நாலு வருஷம் முடிஞ்சிடுச்சு. முக்காவாசி காய்க்குது. 15 செடி இடுப்பளவுலயே நிக்குது, இன்னொரு ஏழெட்டு செடி முள்ளா மேல போகுது, பூவே இல்ல. கடைக்காரர் குடுத்த டானிக் ரெண்டு தடவை அடிச்சாச்சு. வெப்பர்னு ஒரு கலிபோர்னியா பேராசிரியர் கட்டுரைய எம் பையன் காட்டி, குட்டை கண்ணு கடைசி வரை குட்டைதான், புடுங்கிடலாம்ங்கறான். என்ன செய்ய?

பதில்: அண்ணே, டானிக்க முதல்ல நிறுத்துங்க. கண்ணையும் வித்துட்டு, அது வளரலன்னா பாட்டிலையும் விக்கிற கடையில போய் யோசனை கேட்டா பாட்டில்தான் வரும்.

பையன் படிச்சது சரியான ஆளத்தான். ஹெர்பர்ட் வெப்பர் 1890கள்ல புளோரிடாவுல வேலை பார்த்தவர், 1894-95 பனியில அங்க ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் கருகிப் போச்சு, அதுக்கப்புறம் ஸ்விங்கிள்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரோட சேர்ந்து குளிர் தாங்குற கலப்பு ரகத்துக்கு மெனக்கெட்டார், பின்னாடி கலிபோர்னியாவுல ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநர், துணை வெப்பமண்டலத் தோட்டக்கலைப் பேராசிரியர். 1920 புல்லட்டின், 1932ல வந்த பெரிய கட்டுரை ரெண்டுலயும் வேர்ச்செடிய, அதாவது ஒட்டு கட்ட அடியில வளர்க்கிற செடியப் பத்தித்தான் பேச்சு. நாத்தங்கால்லயே குட்டையா, மத்ததோட சேராம நிக்கிறத கழிச்சிடு, அதுமேல நல்ல ஒட்டு கட்டுனாலும் மரம் பின்தங்கித்தான் நிக்கும்ங்கறார். நாம வைக்கிறது ஒட்டு இல்ல, விதைக்கண்ணு, அதனால நமக்கு இது இன்னும் கறாரா பொருந்தும்.

எலுமிச்சை விதை ஒண்ண ஈரத்துணியில முளைக்கப் போட்டுப் பாருங்க, பல விதையில ரெண்டு மூணு முளை வரும். பெரும்பாலும் அது தாய் மரத்துத் திசுவுலேந்தே வர்றது, தாய் மாதிரியே இருக்கும். மகரந்தம் சேர்ந்து வர்றதும் நடுவுல ஒண்ணு இருக்கலாம், அது எப்படிப் போகும்னு யாருக்கும் தெரியாது. நர்சரியில எல்லாத்தையும் பிரிச்சு பாக்கெட்ல போட்டு ஒரே விலை வச்சுடறாங்க. இதவிட மோசம் ஒண்ணு இருக்கு, போன வருஷம் கழிச்ச குட்டைய இன்னொரு வருஷம் வளர்த்து இந்த வருஷக் கண்ணோட கலந்து வைக்கிறது, உயரம் ஒண்ணா இருக்கும், நமக்கு எங்க தெரியும்! அதனாலதான் வேன்ல வர்ற கண்ண வாங்காதீங்கன்னு கத்திக்கிட்டே இருக்கேன். பாக்கெட்டுக்கு மாத்துறதுக்கு முன்னாடியே நாத்தங்கால்ல போய் நின்னு இலை, முள்ளு, தண்டு எல்லாம் ஒரே அச்சா இருக்கற வரிசையில அடையாளம் வச்சுட்டு வரணும். மிச்சத்த ஓசில குடுத்தாலும் வேணாம்.

ஆனா நீங்க ஒண்ண எழுதவே இல்லியே, அந்த 15ம் எங்க நிக்குது? அங்கொண்ணு இங்கொண்ணுன்னா கண்ணு கோளாறு, பையன் சொன்ன மாதிரி புடுங்கிடலாம். எல்லாம் பக்கத்து சம்பா வயல ஒட்டி ஒரே ஓரமா நின்னா வெப்பர் உதவ மாட்டார், ரிவர்சைடுல வருஷத்துக்கே சுமார் 10 இஞ்ச் மழைதான், நமக்கு ஐப்பசி கார்த்திகையில ஒரே வாரத்துல அது கொட்டிட்டுப் போயிடும், போதாததுக்கு களிமண்ணு. குட்டைச் செடி ஓரத்துல அரையடி தோண்டி சல்லி வேர விரல்ல உருவிப் பாருங்க. தோல் வழுக்கி கழண்டு உள்ள நூல் மட்டும் நின்னா வேரழுகல். அடித்தண்டுல பிசின் வடியுதான்னும் பாருங்க.

அப்படின்னா வரப்போரமா ரெண்டடிக்கு மேல ஆழமா வடிகால் எடுங்க, தண்டுல அணைச்ச மண்ண தள்ளுங்க, பிசின் வர்ற இடத்த சுரண்டி போர்டோ பசை தடவுங்க, மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 10 லிட்டர். வேர் பாதிக்கு மேல போயிருந்தா காப்பாத்த மெனக்கெடாதீங்க.

முள்ளா போற ஏழெட்ட இப்ப தொடவேணாம், விதைக்கண்ணுல சிலது தாமதமாத்தான் பூக்கும், யூரியாவ மட்டும் குறைங்க, ரெண்டு வருஷம் பாருங்க. புடுங்குற இடத்துல அதே குழியில வைக்காம, தையில தண்ணி வடிஞ்சதும் ரெண்டடி மேடு கட்டி, அது நல்லா அமர்ந்தப்புறம் வைங்க.