வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு 'நடப்பவர்' என்றா பொருள்? அது எப்படி வந்தது, எங்கே அதிகம்?

நடப்பவர் இல்லை, மிதிப்பவர். துணி மிதிப்பவர்.

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை ஒரு வாக்கரிடமே கேட்டு அசடு வழிந்தவன் நான். டெக்ஸ்டைல் படித்துவிட்டு இரண்டு வருடம் இங்கிலாந்தில், யார்க்‌ஷையரின் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பளி மில்லில் வேலை பார்த்தேன். ஃபினிஷிங் பிரிவில் என் சூப்பர்வைசரின் குடும்பப் பெயர் வாக்கர். அறுபதை நெருங்கும் வயது, முழங்கால் வலி, அடுத்த தெருவுக்குக்கூட காரில்தான் போவார். "உங்களுக்கும் உங்கள் பெயருக்கும் சம்பந்தமே இல்லையே" என்று ஒரு நாள் டீ நேரத்தில் கேட்டுவிட்டேன். மனுஷன் கோபப்படவில்லை. எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த மில்லிங் மெஷின் முன்னால் நிறுத்திச் சொன்னார்: "என் பெயர் இதுதான்."

மில்லிங் மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே இரண்டு கனத்த உருளைகள். சோப்புத் தண்ணீரில் நனைந்த கம்பளித் துணி கயிறு மாதிரி முறுக்கி, அந்த உருளைகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் நனைந்த ஆட்டு வாடை மூக்கில் அறையும். நாங்கள் அவ்வப்போது துணியைப் பிடித்து அகலம் அளப்போம். போடும்போது இருந்த அகலம் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு வரும்.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்த லாயக்கில்லாதது. சல்லடை மாதிரி இழை இழையாகத் தெரியும். ஆட்டின் கொழுப்பு ஒருபுறம், நூற்கும்போது தடவிய எண்ணெய் ஒருபுறம். அதை ஈரத்தில் போட்டுக் கசக்கி மிதித்தால் பிசுக்கு போகும். கூடவே இன்னொன்றும் நடக்கும். கம்பளி மயிரின் மேல்தோலில் மீன் செதில் போல அடுக்கு உண்டு. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரும்பப் பிரியாது. துணி சுருங்கித் தடித்து, மழைக்கும் காற்றுக்கும் ஈடு கொடுக்கும் கம்பளியாகிவிடும். நல்ல ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு, அது குழந்தை சைஸில் வெளியே வந்து வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். அந்த விபத்தைத்தான் இவர்கள் அளவு பார்த்து, வேண்டுமென்றே செய்தார்கள்.

மெஷின் வருவதற்கு முன்னால் இதற்கு மனிதக் கால்கள்தான். தொட்டியில் துணியைப் போட்டு, முழங்கால் வரை இறங்கி, மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். தொட்டியில் இருப்பது வெறும் தண்ணீரும் இல்லை. நாள்பட்ட மூத்திரம். சேர்த்து வைத்தால் அதில் அம்மோனியா உண்டாகும், அது கொழுப்பைக் கரைக்கும். சோப்பு விலை அதிகமாக இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சேகரித்திருக்கிறார்கள். ரோமாபுரியில் வெஸ்பாசியன் என்ற பேரரசர் இந்தச் சரக்குக்கே வரி போட்டார். மகன் முகம் சுளித்தபோது காசை அவன் மூக்கருகே நீட்டி, 'நாறுகிறதா பார்' என்று கேட்டதாகச் சொல்லும் கதை இந்தத் தொழிலைச் சேர்ந்ததுதான். வரி போட ஆட்சியாளர்களுக்குப் பொருள் கிடைக்காமல் போனதே இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தில் காலுக்குப் பதில் ஆற்றுத் தண்ணீர் மிதிக்கத் தொடங்கியது. டெம்ப்ளர் என்ற வீரத்துறவிகளின் 1185-ஆம் வருடச் சொத்துக் கணக்கிலேயே இப்படிப்பட்ட ஆலைகள் வருகின்றன. லங்காஷையரின் ஹெல்ம்ஷோர் என்ற ஊரில் 1789-ல் கட்டிய ஒன்று இன்று மியூசியமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தண்ணீர்ச் சக்கரம் சுற்றச் சுற்ற, பெரிய மரச் சுத்தியல்கள் ஒன்று மாற்றி ஒன்று எழும்பித் தொட்டிக்குள் 'தொம் தொம்' என்று விழும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு ஆள் நின்ற இடத்திலேயே நடப்பது போலத்தான் இருக்கிறது.

சரி, பெயருக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்று ஒரு வினைச்சொல். புரட்டு, உருட்டு, அலைக்கழி என்று பொருள். இன்றைய 'வாக்' அதன் வாரிசுதான், ஆனால் 'காலால் நடப்பது' என்ற அர்த்தம் அதற்கு ஒட்டிக்கொண்டது 1200-க்கு அப்புறம்தான். துணியைப் புரட்டி மிதிப்பவனுக்கு 'வெயல்கெரெ' என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. அதாவது, ஆங்கிலேயர்கள் 'வாக்' பண்ண ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வாக்கர்கள் இருந்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். இதே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் உண்டு. தென்கிழக்கில், சசெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம் இவரை ஃபுல்லர் என்றார்கள். 'ஃபுல்லோ' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தென்மேற்கில், டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் டக்கர். அந்தச் சொல்லின் பழைய பொருள் 'சித்திரவதை செய்' என்பது. துணியின் பார்வையில் நியாயமான பெயர்தான். வடக்கிலும் நாட்டின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸிலும் வாக்கர். ஆலைக்கும் அப்படியே: தெற்கில் ஃபுல்லிங் மில், மேற்கில் டக்கிங் மில், வடக்கில் வாக் மில். லங்காஷையரில் பர்ன்லி பக்கத்தில் வாக் மில் என்றே ஒரு கிராமம் உண்டு. டெவனில் எக்ஸிட்டர் நகரத்தில் துணித் தொழில் சங்கம் 1471-ல் கட்டிய மண்டபத்துக்கு இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றுதான் பெயர். வேல்ஸ்காரர்கள் அந்த ஆலையைப் 'பான்டி' என்பார்கள். டோனிபான்டி என்ற ஊர்ப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

ஆங்கிலேயர்களுக்குக் குடும்பப் பெயர் ஆதியிலிருந்தே கிடையாது. 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு மேல்தட்டில் தொடங்கி, 1400 வாக்கில்தான் சாமானியர்கள் வரை பரவியது. முதலில் அது அடையாளக் குறிப்பு மட்டும்: 'ஜான், அந்தத் துணி மிதிப்பவன்'. அப்பா மிதித்தார் என்பதற்காக, தச்சு வேலைக்குப் போன மகனையும் வாக்கர் என்று எழுத ஆரம்பித்தபோதுதான் அது குடும்பப் பெயராயிற்று. 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி போட்டார்கள். வசூல் ஏடுகளில் ஆளுக்கொரு அடைமொழி தேவைப்பட்டது. (மூன்றாவது வரிக்கு மக்கள் பெரிய கலகமே செய்தார்கள், அது தனிக்கதை.) அப்படிப் பெயர் உறைந்த சமயத்தில் அந்தந்த வட்டாரம் என்ன சொல் பேசியதோ அதுவே பரம்பரைக்கு நின்றது. ஐந்நூறு வருடம் கழித்து, 1881 சென்சஸை வைத்து வரைபடம் போட்டால்கூட வாக்கர் வடக்கிலும் டக்கர் தென்மேற்கிலும் ஃபுல்லர் தென்கிழக்கிலும் கொத்துக் கொத்தாக நிற்கிறார்கள். பெயரைப் பார்த்தே இவர் முப்பாட்டன் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் ஊருக்கு ஊர் துணி மிதிப்பவர் இருந்திருப்பதால், இரண்டு வாக்கர்கள் சந்தித்தால் 'நாம் சொந்தமா?' என்று தேடுவதில் பயனில்லை.

ஸ்காட்லாந்திலும் வாக்கர்கள் ஏராளம். அங்கே ஒரு வேடிக்கை. கேலிக் மொழி பேசிய குடும்பங்களில் 'துணி மிதிப்பவன் மகன்' என்ற பொருளில் மக்நூக்கடர் என்று ஒரு பெயர் இருந்தது. ஆங்கிலம் பரவியதும் அவர்களில் பலர் பெயரை மொழிபெயர்த்தே வாக்கர் ஆகிவிட்டார்கள். ஹெப்ரிடீஸ் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தட்டித் தட்டிக் கைமாற்றிக்கொண்டே பாட்டுப் பாடினார்கள். நம் நடவுப் பாட்டு போல ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டு. அந்தப் பாட்டுகளின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

எங்கே அதிகம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்து-வேல்ஸில் 19-ஆம் நூற்றாண்டு நடுவிலேயே முதல் 20 பெயர்களுக்குள் வாக்கர் வந்துவிட்டது. ஃபுல்லரும் டக்கரும் அந்தப் பட்டியலின் பக்கத்தில்கூட இல்லை. தொழிற்புரட்சியில் ஜனம் பெருகியது வடக்கில்தானே, வாக்கர்களும் அங்கேதானே இருந்தார்கள் என்பது என் ஊகம். அமெரிக்காவில் 2010 சென்சஸ்படி சுமார் 5.2 லட்சம் வாக்கர்கள். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் பங்கு எட்டில் ஒன்றுக்குச் சற்று மேல் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அடிமைத்தனம் ஒழிந்த 1865-ஐ ஒட்டி, அதுவரை சட்டப்படியான குடும்பப் பெயர் இல்லாதிருந்த லட்சக்கணக்கானவர்கள் பெயர் பதிந்துகொண்டார்கள். சிலர் பழைய எஜமானின் பெயரை, சிலர் தங்களுக்குள் ஏற்கெனவே வழங்கிய பெயரை, சிலர் பிடித்த பெயரை. யார்க்‌ஷையர் மூத்திரத் தொட்டியில் பிறந்த பெயர் ஜார்ஜியாவின் பருத்திக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது. 1829-ல் அடிமை முறைக்கு எதிராகத் துண்டுநூல் எழுதிய டேவிட் வாக்கர், 1903-ல் ரிச்மண்டில் வங்கி தொடங்கிய மேகி வாக்கர், எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் எல்லாரும் கறுப்பின வாக்கர்கள். கூந்தல் பராமரிப்புப் பொருட்கள் விற்றுப் பெரும் பணக்காரரான மேடம் சி.ஜே. வாக்கருக்கும், மேலே சொன்ன மேகி வாக்கருக்கும் அது கணவர் வழிப் பெயர்.

வெள்ளையர் பக்கத்தில் எளிதாக நினைவில் நிற்பது ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அந்த 'டபிள்யூ' வாக்கர்தான், பாட்டி வீட்டுப் பெயர். பிரிட்டன் போனால் கடைக்குக் கடை வாக்கர்ஸ் சிப்ஸ் பார்ப்பீர்கள். நம்மூர் லேஸ் பாக்கெட்டின் அதே சின்னம்தான் அதிலும் இருக்கும்.

அப்புறம் ஜானி வாக்கர். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் 1820-ல் மளிகைக் கடை வைத்தவர். பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக விறுவிறுவென்று நடக்கும் ஆளை 1908-ல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார், பெயரின் இன்றைய பொருளை வைத்து. ஒழுங்காக வரைந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிய மாதிரி உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருவர் தொட்டிக்குள் நிற்க வேண்டும். விஸ்கி விற்றிருக்காது.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. நியூகாஸிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அது 'சுவரோரச் சதுப்பு' என்று பொருள்படும் வேறு சொல். சுவர் என்றால் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர். அந்த ஊரிலிருந்து வந்ததால் சிலர் வாக்கர் ஆகியிருக்கலாம். ஜெர்மனியிலும் இதே தொழிலுக்கு இதே எழுத்தில் 'வால்கர்' என்ற பெயர் உண்டு, அமெரிக்கா போன அவர்களில் சிலரும் இந்தக் கணக்கில் கலந்திருப்பார்கள்.

தமிழில் இந்தப் பெயரை எப்படிச் சொல்வது? 1611 கிங் ஜேம்ஸ் பைபிளில் மாற்கு 9:3-ல் 'ஃபுல்லர்' என்று வரும் இடத்தில் தமிழ் பைபிள் 'வண்ணான்' என்கிறது. அந்த வசனம் பேசுவது வெளுப்பைப் பற்றி என்பதால் அங்கே சரியாகத்தான் பொருந்துகிறது. ஆனால் துணியைச் சுருக்கிக் கெட்டியாக்கும் வேலை அந்தச் சொல்லில் வராது. பருத்தி உடுத்திய ஊருக்கு அந்த வேலையே தேவைப்படவில்லை.

எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்ச இவர்கள் ஒருவகைக் களிமண்ணையும் துணியில் தேய்ப்பார்கள். சர்ரே மாவட்டத்தில் ரெட்ஹில் பக்கம் நிறையத் தோண்டினார்கள். ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். தெரிந்த பெயராக இருக்கிறதா? நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி அதேதான். லீவில் ஊருக்கு வந்து திரும்பியபோது சூப்பர்வைசருக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் போனேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பாக்கெட்டில் ஆங்கிலத்தில் இருந்த பெயரை ஒருமுறை படித்தார். "இது தெற்கத்தி ஆளுங்க மண்ணு" என்று திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் மனைவிக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.