சர்க்கரை ஊசிக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: எனக்கு 48 வயது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். டாக்டர் இப்போது வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைட் ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது மூளையில் வேலை செய்யுமாம். சர்க்கரைக்கு எதற்கு மூளையைத் தொட வேண்டும்? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் மூளைக்கு எப்போதுமே பங்கு உண்டு. 1849-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட், முயலின் பின்மூளையில் ஓரிடத்தில் குத்தியதும் அதன் சிறுநீரில் சர்க்கரை வருவதைப் பார்த்தார்.

உங்கள் ஊசி மருந்தைப் போல இன்சுலினும் ஒரு பெப்டைடுதான், அதாவது சின்னப் புரதம். ரத்தத்தில் உள்ள இன்சுலினில் கொஞ்சம், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்கும் போகிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக, சர்க்கரை விட்டது போதும் என்று கல்லீரலுக்குத் தகவல் இறங்குகிறது. எலிகளில் இது தெளிவாகத் தெரிந்த விஷயம்; மனிதர்களில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் உண்டு. ராத்திரி எதுவும் சாப்பிடாமலேயே சிலருக்குக் காலையில் சர்க்கரை 160 காட்டுகிறதே, அது பெரும்பாலும் இந்தக் கல்லீரல் விட்டதுதான்.

லெப்டின் இன்னொரு பெப்டைடு, கொழுப்பு செல்களில் சுரப்பது. உடலில் கொழுப்பே தங்காத லிப்போடிஸ்ட்ரோஃபி நோயாளிகளுக்கு இது மிகக் குறைவு. நிறைய இன்சுலின் போட்டாலும் அவர்களுக்குச் சர்க்கரை அடங்காது. லெப்டின் ஊசி போட்டால் இன்சுலின் நன்றாகக் கேட்க ஆரம்பிக்கிறது. பருமனானவர்களுக்கோ லெப்டின் ஏற்கெனவே அதிகம், மூளைதான் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் அவர்களுக்கு அந்த ஊசி பயன்படாது.

சரி, உங்கள் ஊசிக்கு வருவோம். குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் இரண்டு நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் செமாகுளுடைட் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். கணையத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது. ஹைப்போதலாமஸிலும் பின்மூளையிலும் பசியைக் குறைக்கிறது. ஆரம்பத்தில் வரும் குமட்டலுக்கும் பின்மூளைதான் முக்கியக் காரணம். வயிறு நிறைந்ததும் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எடையும் கல்லீரல் கொழுப்பும் குறையக் குறைய, இன்சுலின் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் எடையோடு தசையும் கரையும். சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வதே தசைதான். ஆகவே முட்டை, பருப்பு, சுண்டலைக் குறைக்காதீர்கள். நடையோடு எடை தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள்.

கிளிமிபிரைடோடு சேர்ந்தால் லோ சுகர் வரலாம். அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். ஆன்லைனில் குப்பியில் விற்கும் ‘பெப்டைடு’களைத் தொடவே வேண்டாம். முதல் ஊசிக்கு முன் விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு கூடலாம்.