மூவர் வீட்டில் ஒருவர் போட்ட மார்பிள்

கேள்வி: புதுச்சேரி நகரப் பகுதியில் எங்களுக்குத் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், மெட்ராஸ் டெரஸ் மாடி எல்லாம் உண்டு. அப்பா 2017-இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மாவும் நானும் இங்கே இருக்கிறோம், அண்ணன் பிரான்சில். ஒழுகிய மாடியைச் சரிசெய்து, பெயர்ந்துபோன சிவப்பு ஆக்சைடு தரையை எடுத்துவிட்டுக் கூடத்தில் வெள்ளை மார்பிளும் முற்றத்தில் கிரானைட்டும் போட்டேன். என் சேமிப்பில் 14 லட்சம் போயிற்று. மாடியறைக்கும் மார்பிள் வாங்கி வைத்திருக்கிறேன். முகப்பில் கல் பதிக்கும் வேலை பாக்கி. இப்போது அண்ணனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்: வேலையை நிறுத்து, பாகம் பிரி, இல்லாவிட்டால் என் பங்கை வெளியாருக்கு விற்றுவிடுவேன் என்று. போதாததற்கு நாலே மாதத்தில் மார்பிள் மஞ்சளடிக்கிறது. கான்ட்ராக்டரோ பாக்கி 2 லட்சத்தைக் கொடு என்கிறார். வேலை தொடங்கும்போது அண்ணன் வாட்ஸ்அப்பில், "வெள்ளைக் கல்லே போடு, அம்மாவுக்கு வழுக்காம பாத்துக்க" என்று அனுப்பியது மட்டும் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதல் காரியம், வேலையை இன்றே நிறுத்துங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகும் கொத்தனார் உளியோடு நின்றால், தடையாணை கேட்கப்போகும் உங்கள் அண்ணனுக்கு நீங்களே ஆதாரம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பங்கைப் பார்ப்போம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8-இன்படி, உயிலில்லாமல் இறந்தவரின் சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். அம்மா, அண்ணன், நீங்கள்: ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மகள் என்பதால் ஒரு காசு குறையாது. ஆனால் "தாத்தா காலத்து வீடு" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தாத்தா அதை அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாரா, அல்லது எழுதாமலே போனாரா? எழுதவில்லை என்றால் அப்பாவோடு பிறந்த அத்தை, சித்தப்பாக்களுக்கும் பங்கு இருக்கலாம். அண்ணனோடு சண்டை போடுவதற்குமுன் பழைய பத்திரத்தைத் தேடி எடுங்கள். நொத்தேர் (பிரெஞ்சு ஆட்சிக்காலப் பத்திர அதிகாரி) பிரெஞ்சில் எழுதிய பத்திரமாக இருந்தால் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, புதுச்சேரிக்கே உரிய சிக்கல்: உங்கள் முன்னோர் யாராவது 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி சொந்தச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் ஆக இருந்தால், நான் சொன்ன கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு பிரெஞ்சு சிவில் சட்டம்தான். பிரான்ஸ் தொடர்புள்ள குடும்பம் என்பதால் இதை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, 14 லட்சம் திரும்பி வருமா? முழுதாக வராது. மாடி ஒழுகியதைச் சரிசெய்த செலவு வேறு, மார்பிள் போட்ட செலவு வேறு. முதலாவது வீட்டைக் காப்பாற்றிய செலவு. மற்ற பங்குதாரர்களும் அதைத் தாங்கத்தான் வேண்டும் என்று தைரியமாகக் கேட்கலாம். இரண்டாவது வசதிக்காகவும் ஆசைக்காகவும் செய்தது. பொதுச் சொத்தில் ஒரு பங்குதாரர் மற்றவர் சம்மதமில்லாமல் அழகுபடுத்திவிட்டு, "என் பங்கு இப்போது கூடிவிட்டது" என்று சொல்ல முடியாது. பாக வழக்கில் நீதிமன்றம் பொதுவாக என்ன செய்யும் என்றால், நியாயம் பார்த்து, முடிந்தவரை மேம்படுத்திய பகுதியை அதைச் செய்தவர் பங்கிலேயே ஒதுக்கும். அப்படி ஒதுக்க வழியில்லாவிட்டால் வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கும். நீங்கள் கடைக்காரருக்குக் கொடுத்த பில் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாது. அதனால் மாடி வேலைக்கும் தரை வேலைக்கும் பில்களைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் போட்டிருந்தால் கான்ட்ராக்டரிடம் பிரித்து எழுதி வாங்குங்கள், அவரோடு உறவு முழுசாக முறிவதற்குள்.

அந்த வாட்ஸ்அப் செய்தி சின்ன விஷயமில்லை. "வெள்ளைக் கல்லே போடு" என்றால் வேலை நடப்பது தெரியும், எந்தக் கல் என்பதும் தெரியும், ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம். "என்னைக் கேட்காமல் செய்தாள்" என்று நோட்டீஸில் எழுதியிருந்தால் அது அங்கேயே ஆடிப்போகும். ஆனாலும் செலவில் பங்கு தருவேன் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அந்த எல்லையைத் தாண்டி இதை இழுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி போனை மாற்றிவிட வேண்டாம். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

வெளியாருக்கு விற்பேன் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். அதே வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 22-இன்படி, கூட வாரிசானவர் தன் பங்கை விற்க நினைத்தால் வாங்கும் முன்னுரிமை உங்களுக்கும் அம்மாவுக்கும் உண்டு. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் விலையை முடிவு செய்யும். பணம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்கும். இருந்த பணம் கூடத்துத் தரையில் கிடக்கிறது!

இனி கான்ட்ராக்டர். பழைய வீட்டில் வெள்ளை மார்பிள் மஞ்சளடிப்பதற்கு வழக்கமாக இரண்டு காரணம் உண்டு. கல்லிலேயே இரும்புச் சத்து இருந்து ஈரம் பட்டுத் துரு ஏறுவது ஒன்று. தரையடியிலிருந்தும் சாந்திலிருந்தும் ஈரமும் கறையும் மேலே ஏறுவது இன்னொன்று. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீட்டில், ஈரத்தடுப்பு இல்லாத தரையில், வெள்ளைக் கல்லை வெள்ளை சிமெண்டில் பதிக்காமல் சாதா சிமெண்டில் பதித்தார்களா என்று பாருங்கள். "உங்க வீட்டு ஓதம், நான் என்ன பண்ண முடியும்" என்று அவர் சொல்லத்தான் செய்வார். ஓதத்தைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியது தொழில் தெரிந்தவர் கடமை. சொல்லாமல் பதித்தால் அது சேவைக் குறைபாடு. கல்லே வேறு என்றால் சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 17 இருக்கிறது: சாம்பிள் காட்டி விற்றால் வந்த சரக்கும் தரத்தில் அதே மாதிரி இருக்க வேண்டும். இயற்கைக் கல்லில் ரேகை ஒன்றுபோல் வராது, அதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. மஞ்சள் கறை வேறு கதை.

இங்கே மாடிக்கு வாங்கி வைத்த கற்கள் உங்களுக்குக் கைகொடுக்கும். பதிக்காத அந்தப் பலகைகள்தான் சோதனைக்கு அனுப்பத் தகுந்த சாட்சி. அவை அதே லாட்டில் வந்தவை என்றால் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள். மாடியில் போடும் எண்ணத்தையும் எஞ்சினியர் பார்க்கும்வரை விடுங்கள். 18 மி.மீ. மார்பிள் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. அடியில் 4 செ.மீ. சாந்து போட்டால் இன்னும் 80 கிலோ. தேக்குக் கட்டையும் குத்துச்செங்கலும் தாங்கும் பழைய தளம் அது. விரிசல் விட்டால் அண்ணன் கேட்கும் இழப்பீட்டுப் பட்டியலில் அதுவும் சேரும். அப்புறம், யாராவது ஆசிட் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் போய்விடும் என்று சொன்னால் கேட்காதீர்கள். மார்பிள் கால்சியம் கார்பனேட். ஆசிட் கல்லையும் தின்னும், உங்கள் சாட்சியத்தையும் தின்னும்.

பாக்கி 2 லட்சத்துக்குப் பேசாமல் இருப்பதுதான் தப்பு. குறையைச் சொல்லி, அது சரியாகும்வரை தொகையை நிறுத்தி வைத்திருப்பதாகப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம்வரை அங்கேதான்; 10 முதல் 20 லட்சம்வரை கட்டணம் 400 ரூபாய். குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். புகாரோடு, கல்லைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் தரையைப் பார்வையிட ஒரு ஆணையரை நியமிக்கவும் கேளுங்கள்.

முகப்பு வேலையை அண்ணன் சம்மதித்தாலும் நான் தொடங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் கேளுங்கள். இருந்தால் முகப்பை மாற்ற அனுமதி வேண்டும். வைசியாள் வீதியின் தமிழ் முகப்புகளைப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே வாங்கிய ஊர் இது. திண்ணைத் தூணுக்கு மேல் பளபளக்கும் கிரானைட் ஒட்டுவது சட்டத்துக்கு முன்னால் கண்ணுக்கே ஒவ்வாது. இது வக்கீல் கருத்தில்லை, தெருவில் நடப்பவன் கருத்து.

கடைசியாக நோட்டீஸ். குறித்த நாளுக்குள் பதில் போடுங்கள், கோபமாக எழுதாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டேன், மாடிப் பழுதுக்கு இவ்வளவு செலவு, தரைக்கு உங்கள் செய்தி இருக்கிறது, பாகத்துக்கோ என் பங்கை வாங்கிக்கொள்ளவோ உங்கள் பங்கை விற்கவோ பேசத் தயார் என்று எழுதினால் போதும். பேசி முடித்தால் குடும்ப ஏற்பாட்டை எழுத்தில் போடுங்கள். உரிமை கைமாறும் பத்திரமாக இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். அவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அம்மாவின் பங்கை இந்த நேரத்தில் உங்கள் பெயருக்கு எழுதி வாங்காதீர்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டாள் என்ற பேச்சு வழக்கைவிட நீளும். பதில் போன கையோடு புதுச்சேரி நீதிமன்றத்தில் சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்கீழ் ஒரு கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்னெச்சரிக்கை மனு) போட்டுவிடுங்கள். 90 நாளுக்கு உங்களைக் கேட்காமல் தடையாணை வராது.