பத்தாண்டு முடியும் ஆல்ஃபா, இன்னும் ஓட வேண்டிய டுகாட்டி

கேள்வி: ஐயா, நான் திருச்சிக்காரன். பதினான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிக்கிறேன், நிரந்தரவாசி. பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, துவாஸில் வேலை. மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். அப்பா தில்லைநகரில் ஒரு டாக்டரின் ஃபியட் காரை ஓட்டியவர். இத்தாலிய வண்டிகள் மீதான ஆசை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. 2016 நவம்பரில் பதிவான ஆல்ஃபா ரோமியோ ஜூலியட்டா 1.4 காரும், 2017-இல் பதிவான டுகாட்டி மான்ஸ்டர் 821 பைக்கும் வைத்திருக்கிறேன். காரின் சி.ஓ.இ. (வாகன உரிமைச் சான்றிதழ்) வரும் நவம்பரில் முடிகிறது. ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க ஏறத்தாழ 57,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். கையிருப்பு 34,000. அதில் 17,000 எடுத்து, மீதி 40,000 வெள்ளியை 3 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். மாத வருமானம் 7,400, அம்மாவுக்கு அனுப்புவதையும் சேர்த்துச் செலவு 6,000. கார் ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓடுகிறது. வேலைக்கு பைக்கில்தான் போகிறேன். பைக்கின் சி.ஓ.இ. அடுத்த ஆண்டு முடியும். பத்தாண்டுக்கு 9,000 வெள்ளி அளவில் வரும். 2031-இல் ஊர் திரும்ப எண்ணம். காரைப் புதுப்பிக்கலாமா? பைக்கைத் திருச்சிக்குக் கொண்டுபோக முடியுமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: காரை நவம்பருக்குள் விட்டுவிடுங்கள். பைக்கைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, புதுப்பிப்பது என்று நீங்கள் ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டதாகத் தெரிந்தது. அந்தப் பாதியை மாற்றவே இவ்வளவும் எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இங்கே வண்டியை வாங்கினால் மட்டும் போதாது. அதைச் சாலையில் வைத்திருக்கும் உரிமையையும் ஏலத்தில் வாங்க வேண்டும். 1990 முதல் நடப்பில் இருக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் முறை அது. ஆயுள் பத்தாண்டு. முடிந்ததும் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அல்லது கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரிக் கட்டணத்தைக் கட்டி மேலும் பத்தாண்டு நீட்டிக்கலாம். பாதிக் கட்டணம் கட்டினால் ஐந்தாண்டு. ஐந்தாண்டுக்கு நீட்டித்த வண்டியை மறுபடி நீட்டிக்க முடியாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 57,000 வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுத் தொகை அல்ல. வண்டி பதிவானபோது கூடுதல் பதிவுக் கட்டணம் ஒன்று கட்டப்பட்டிருக்கும். உங்கள் கார் பதிவான காலத்து விதிப்படி, திறந்த சந்தை மதிப்பின், அதாவது சுங்கத் துறை மதிப்பிட்ட இறக்குமதி விலையின், முதல் 20,000 வெள்ளிக்கு அதே அளவு, அடுத்த 30,000-க்கு 140 விழுக்காடு. உங்கள் காரின் மதிப்பு 24,000 என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 25,600. பத்தாண்டு நிறையுமுன் பதிவை நீக்கினால் அதில் பாதி, 12,800 வெள்ளி, உங்கள் கைக்குத் திரும்பி வரும். சி.ஓ.இ.யைப் புதுப்பித்த நாளிலேயே அந்தப் பணம் போய்விடும். பிற்பாடு மனம் மாறி இரண்டாண்டில் காரை விட்டால், மீதி மாதங்களுக்கான சி.ஓ.இ. தொகை விகிதப்படி திரும்பி வரும். 12,800 மட்டும் ஒருபோதும் வராது. உங்கள் வண்டியின் சரியான எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையச் சேவையில் இருக்கிறது. வேறு எதையும் செய்யுமுன் அதைப் பாருங்கள்.

ஆக, ஐந்தாண்டுக்கு நீங்கள் கொடுக்கப்போவது 69,800. மாதம் 1,163 வெள்ளி. கார் ஒரு முழம்கூட நகராமல் நின்றாலும் இந்தச் செலவு உண்டு.

கடனையும் பார்ப்போம். 3 விழுக்காடு என்று அவர்கள் சொல்வது நிலையான வட்டி. முழு 40,000-க்கும் ஐந்தாண்டு முழுவதும் போடப்படுவது. மொத்த வட்டி 6,000, மாதத் தவணை 767. ஆனால் மாதாமாதம் நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள் அல்லவா? குறையும் அசலை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 5.6 விழுக்காடு. கடன் தருபவர்களிடம் "நடைமுறை வட்டி எவ்வளவு?" என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திட்டவர்களை என் மேசைக்கு எதிரே பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது.

வட்டி மாதம் 100, வாகன நிறுத்தம் 110, காப்புறுதி 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 1,368 சிசி இன்ஜினுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 607 வெள்ளி அளவில் வரும். பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பத்துப் பத்து விழுக்காடாக ஐம்பது வரை மேல்வரி ஏறும். சராசரியாக மாதம் 66. பெட்ரோல் 250. பராமரிப்புக்கும் 250. முன்சொன்ன 1,163-ஐயும் சேர்த்துக் கூட்டினால் மாதம் 2,064 வெள்ளி. நீங்கள் ஓட்டும் 9,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 2 வெள்ளி 75 காசு. பிள்ளைகளைத் துணைப்பாட வகுப்பில் விட்டு வரும் நான்கு கிலோமீட்டருக்கு 11 வெள்ளி.

பராமரிப்புக்கு 250 வைத்தது அதிகம் என்று நினைக்க வேண்டாம். அந்த இன்ஜினில் காற்றை உள்ளே விடும் வால்வுகளைத் திறப்பது எண்ணெயின் அழுத்தம். அருமையான யோசனை, ஆனால் எண்ணெய் கொஞ்சம் அழுக்கானாலும் அந்த நுண்ணிய பாகம் தகராறு செய்யும். கியர்பெட்டி இரட்டை கிளட்ச் கொண்டது, அதுவும் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. மாலை ஆறு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துபோகும் வண்டிக்கு அது ஏற்றதே அல்ல. இந்த ஜூலியட்டாவின் உற்பத்தியும் 2020-இல் நின்றுவிட்டது. பத்து முதல் பதினைந்து வயது வரை ஒரு காருக்குச் செலவு ஏறுமே தவிர இறங்காது. ஒரே ஒரு பெரிய பழுது உங்கள் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும்.

உண்மையில் என்னை உறுத்துவது இதுதான். உங்கள் கையிருப்பில் பாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 17,000. மூன்று மாதச் செலவுக்குக்கூடப் போதாது. இப்போது மாதம் 1,400 மிச்சம் பிடிக்கிறீர்கள். தவணை போனால் அது 633 ஆகிவிடும். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஊரில் தனியே இருக்கும் தாய். வேலை போனால், அம்மாவுக்கு ஒரு அறுவை சிகிச்சை என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வரும்? காரை விற்றுச் சமாளிக்கலாம் என்றால், விற்பது நாளுக்கு நாள் கரையும் ஒரு சான்றிதழை. 2031-க்குப் பிறகு அதன் மதிப்பு பூஜ்யம்.

காரை விட்டுவிட்டால் டாக்சிக்கும், விடுமுறை நாளில் வாடகைக் காருக்கும் மாதம் 600 ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குக் குடும்பத்தோடு போய்வர அது தாராளம். வித்தியாசம் மாதம் 1,464. ஐந்தாண்டில் 87,000 வெள்ளிக்கு மேல். திரும்பி வரும் 12,800-உம் இதில் அடக்கம். ஊர் திரும்பும் ஆண்டில் அந்தத் தொகை கையில் இருந்தால் திருச்சியில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் வேறு மாதிரி இருக்கும்.

திரும்பி வரும் 12,800-ஐ முதலில் அவசரகால இருப்பில் சேருங்கள். 46,800 ஆகும், ஆறு மாதச் செலவையும் தாண்டிவிடும். அதன்பின் மாதாமாதம் மிஞ்சுவதைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களில் போட்டுவாருங்கள். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதத்திலும் அசல் குறையாமல் திரும்ப எடுக்கலாம்.

இனி டுகாட்டி. இங்கே நான் உங்கள் பக்கம். பத்தாண்டுக்கு 9,000 என்றால் மாதம் 75 வெள்ளி. தினமும் பொங்கோலிலிருந்து துவாஸ் வரை, தீவின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு, உங்களைக் கொண்டுசேர்க்கும் வண்டி அது. மோட்டார்சைக்கிளுக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் எதுவும் திரும்பி வராது. ஆகவே புதுப்பிப்பதால் நீங்கள் இழப்பதும் ஒன்றுமில்லை.

ஐந்தா, பத்தா என்று தயங்குவீர்கள். பத்து என்பேன். 2031-இல் புறப்படும்போது ஆறாண்டு மீதியிருக்கும். பதிவை நீக்கினால் 5,400 திரும்பி வரும். ஐந்தாண்டுக்கு 4,500 கட்டியிருந்தால் ஓராண்டுக்கு 900. இரண்டிலும் உங்களுக்கு ஆகும் செலவு 3,600-தான். ஆனால் ஆறாண்டு உயிருள்ள டுகாட்டியை வாங்க ஆள் வருவார்கள். ஓராண்டில் கழிக்க வேண்டிய பைக்கை யார் சீந்துவார்கள்?

ஒரு நிபந்தனை உண்டு. புதுப்பிக்குமுன் டெஸ்மோ சர்வீஸ், அதாவது வால்வு இடைவெளிகளைச் சரிபார்க்கும் வேலை, எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற பைக்குகளில் வால்வை மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியில் மூடுவதற்கும் ஒரு தனி நெம்பு உண்டு. 1950-களில் ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர் போலோன்யாவில் அதை நிலைநிறுத்தினார். அதனால் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி இரண்டையும் அளக்க வேண்டும். ஒரு முறை பட்டறையில் உடனிருந்து பார்த்தேன். மெக்கானிக் தாள்போல் மெல்லிய அளவுத் தகட்டை உள்ளே செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்து, விரல்நகம் அளவுள்ள ஓர் எஃகு வில்லையைக் கழற்றி வேறொன்றை வைத்தார். எட்டு வால்வுக்கும் அதே பொறுமை. கூலி ஏன் அவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் மாடலுக்கு அது 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. டைமிங் பெல்ட்டை ஓட்டம் குறைவானாலும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். 9,000 வெள்ளி கட்டுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும் நாளில் அந்த ரசீதுக்கு விலை உண்டு.

திருச்சிக்குக் கொண்டுபோவது நடக்காது. இந்தியாவில் இறக்குமதி செய்யும் பழைய வாகனம், தயாரான நாளிலிருந்து மூன்றாண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். உங்களுடையது 2031-இல் பதினான்கு வயதுப் பைக். பயணிகளுக்கான கார்னே ஆவணத்தில் கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அது சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் வண்டிக்கு. அந்த வழியில் இறக்கி ஊரிலேயே நிறுத்திக்கொண்டால் சுங்கத் துறையிடம் மாட்டிக்கொள்வீர்கள். டுகாட்டி இந்தியாவிலேயே விற்கிறது. இங்கே விற்ற பணத்தோடு அங்கே வாங்குங்கள்.

எந்த நிலையில் காரைப் புதுப்பிக்கச் சொல்லியிருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையிருப்பு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் இருந்து, கடனே வாங்காமல், வீட்டில் நடக்க முடியாத ஒருவர் இருந்திருந்தால், சரி என்றிருப்பேன். அப்போதும் ஆல்ஃபாவையா என்று ஒரு முறை கேட்டிருப்பேன்.

அப்பாவின் ஃபியட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காரை ஒப்படைக்கும் நாள் எளிதாக இருக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருடன் சென்ற ஆண்டு அந்த இடத்துக்குப் போயிருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு, பின்சீட்டிலிருந்த குழந்தை இருக்கையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தவர், டாக்சி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே அந்த நாளைத் தனியாகக் கடக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே மகளையும் மகனையும் ஏற்றிக்கொண்டு சாங்கி கடற்கரைச் சாலை வரை ஓட்டிப் போய், அப்பாவுக்குக் காட்டுவதுபோல் நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு நீக்கிய ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கழித்ததற்கோ ஏற்றுமதி செய்ததற்கோ சான்று காட்ட வேண்டும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார் என்பதால் ஏற்றுமதியாளர்கள் வெற்று வண்டிக்கும் ஒரு விலை கொடுப்பார்கள். மூன்று பேரிடமாவது கேளுங்கள். கட்டிய சாலை வரியில் மீதியும், காப்புறுதியில் மீதியும் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். நவம்பர்க் கெடுவைத் தவறவிட்டால் 12,800 கைநழுவிப் போகக்கூடும்.