விண்வெளிப் படிப்பு: கடவுச்சீட்டையும் பாருங்கள்

வணக்கம் அம்மா,

"விண்வெளி அது இதுன்னு படிச்சிட்டு இந்தச் சிங்கப்பூரில் என்ன வேலை பார்ப்பா?" என்று சனிக்கிழமை கேட்டீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் உங்கள் மகளின் கட்டைவிரலைப் பார்த்தேன். மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் சூடு பட்ட தழும்பு. இணைப்பாட நடவடிக்கையில் ரேடியோ செய்தபோது பட்டதாம்.

முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். நாசா நிரந்தரப் பணிக்கு அமெரிக்கக் குடிமக்களைத்தான் எடுக்கும், இஸ்ரோ இந்தியக் குடிமக்களை. ராக்கெட் நுட்பமும் ஏவுகணை நுட்பமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதனால் அமெரிக்கத் தனியார் நிறுவனங்களும் பெரும்பாலும் குடியுரிமையோ பச்சை அட்டையோ (அங்கே நிரந்தரமாக வாழும் உரிமை) கேட்கும். 2011 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் நாசா சீனாவோடு நேரடியாகக் கூட்டுச் சேரவும் முடியாது. நாடுகளின் போட்டி இப்படித்தான் ஒரு பிள்ளையின் விண்ணப்பப் படிவம் வரை வந்து நிற்கிறது. "நாசாவுக்கு அனுப்பிவிடுங்கள்" என்ற உறவினரின் பேச்சை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சரி, இங்கே என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 2011 ஏப்ரலில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-சாட் செயற்கைக்கோள், இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து போனது. அதைச் சுமந்த இந்திய பிஎஸ்எல்வி ராக்கெட்டில் இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செய்த யூத்சாட் செயற்கைக்கோளும் இருந்தது. 2023 ஜூலை 30 அன்று சிங்கப்பூரின் டிஎஸ்-சார் போனது. ரேடாரால் பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள் அது. 360 கிலோ எடை. ரேடார் இஸ்ரேலுடையது, ராக்கெட் இந்தியாவுடையது. ஏன் ரேடார்? நம் வானத்தில் எந்நேரமும் மேகம். சாதாரண கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். ரேடியோ அலையால் பார்க்கும் ரேடாருக்கு இரவும் மழையும் தடையில்லை. கூடவே சென்ற 6 சிறிய செயற்கைக்கோள்களில் நம் பல்கலைக்கழகங்களில் செய்தவையும் உண்டு. சின்ன நாடு நாலு பேரோடு சேர்ந்துதான் மேலே போகிறது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

அதனால் தொடக்கக் கல்லூரியில் இயற்பியலையும் கணிதத்தையும் விடாமல் இருக்கட்டும். அப்புறம் மின், மின்னணுப் பொறியியல். பாடத்தின் பெயரில் 'விண்வெளி' இருக்கிறதா என்று தேட வேண்டாம். பல்கலைக்கழகப் பொது வரவேற்பு நாளில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: செயற்கைக்கோள் ஆய்வுக்கூடத்துக்குள் இளநிலை மாணவர் எந்த ஆண்டில் நுழையலாம்? ரேடியோ அலையும் படப் பகுப்பாய்வும் கைவந்தால் தொலைத்தொடர்பு, துறைமுகம், தற்காப்பு எங்கும் வேலை உண்டு. உங்கள் பயத்துக்கு அது போதும் என்று நம்புகிறேன்.

அடுத்த முறை அவள் செய்த ரேடியோவையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.