கதைத் தொடர்ச்சிக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பியிடம் ‘மோர்ட்டல் காம்பாட் 11’ சண்டை விளையாட்டு இருக்கிறது. அதன் கட்டணக் கதைத் தொடர்ச்சியான ‘ஆஃப்டர்மாத்’தையும் வாங்கித் தரச் சொல்கிறான். வாங்கலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கதைக்காக மட்டும் என்றால் தயங்குவேன். 2020 மே மாதம் ஏறத்தாழ 40 டாலர் விலையில் வெளிவந்த அந்தத் தொடர்ச்சியில் இருப்பவை ஐந்தே அத்தியாயங்கள். ஞாயிறு மதியம் உட்கார்ந்தால், வெயில் தாழ்ந்து தாமிரபரணிக்குக் குளிக்கக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். ஆயினும், ஷாங் சுங் என்னும் சூழ்ச்சிக்கார மந்திரவாதிக்கு, 1995-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவ்வேடமேற்ற கேரி ஹிரோயுகி தகாவாவே முகமும் குரலும் தந்திருப்பதால், அவ்வைந்தும் மூலக்கதையைவிட எனக்குப் பிடித்தன. ஃபூஜின், ஷீவா, ரோபோகாப் ஆகிய மூன்று புதிய வீரர்களே உண்மையான ஆதாயம்: சாரல் காலத்தில் தென்காசிப் பக்கத்து உறவுப் பிள்ளைகள் வந்து, முறை வைத்து மோதிக்கொள்ளும் வீடாக உங்கள் வீடு இருந்தால், கதை மறந்த பிறகும் அந்த வீரர்கள் பயன்படுவார்கள். புதிய களங்களும், தோற்றவரைக் கொல்லாமல் வேடிக்கையாகச் சண்டையை முடிக்கும் ‘ஃபிரண்ட்ஷிப்’ முடிவுகளும் எல்லோருக்கும் இலவசமாகவே வந்தவை. அவற்றைக் காட்டித் தம்பி கேட்டால் மசியாதீர்கள். தனியாக வாங்குமுன், மூல விளையாட்டையும் கூடுதல் பகுதிகளையும் சேர்த்துத் தரும் ‘அல்டிமேட்’ பதிப்பின் தள்ளுபடி விலையையும் பாருங்கள். இத்தொடர்ச்சி அதில் அடக்கம். ரத்தம் தெறிக்கும் ஆட்டம் இது. தம்பிக்குப் பதினெட்டு நிரம்பிவிட்டதுதானே?